ஊர்க்கட்டும் ரேகைச் சட்டமும்

வைகை அணைக்குக் கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து உசிலம்பட்டி வரையிலும், மேற்கே தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் வரையிலும் பரந்து கிடக்கும் நிலப்பகுதியில், ஒருவர் தம் ஊரார் நடக்கிறபடியே நடந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் ‘ஊர்க்கட்டு’ என்பதாகும். தமிழில் ‘கட்டு’ என்பது பிணைப்பையும் குறிக்கும், தடையையும் குறிக்கும்; ஆற்று நீரைத் தேக்குவது அணைக்கட்டு, மணவுறவைப் பிணைப்பது தாலிகட்டு, மனிதரின் நடத்தையை வரம்புக்குள் நிறுத்துவது ஊர்க்கட்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த நிலப்பகுதியின் மீது ஆங்கிலேய அரசு வேறொரு கட்டைக் கொண்டுவந்து போட்டது. குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஏடுகளிலும், ‘ரேகைச் சட்டம்’ என்று மக்கள் பேச்சிலும் பெயர்பெற்ற அந்தச் சட்டம், ஊர்க்கட்டை உடைத்து மக்களைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு வந்தாலும், தனிமனிதரை அவர் பிறந்த கூட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க மறுத்த வகையில் ஊர்க்கட்டையே பன்மடங்கு இறுக்கிய ஒன்றாக அமைந்தது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

சட்டத்திற்கு உள்ளான மக்களுள் பெருந்தொகையினர் பிறமலைக் கள்ளர்கள் ஆவர். மதுரைக்கு மேற்கேயுள்ள நாகமலைக்கு அப்பால் வாழ்ந்தவர்கள் என்பதால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். ‘எட்டு நாடும் இருபத்துநாலு உபகிராமமும்’ என்று தங்கள் பரப்பைத் தாங்களே எண்ணிச் சொல்லும் இவர்களில் பலர், மழையை நம்பிய உசிலம்பட்டிப் புஞ்சைக் காடுகளிலிருந்து கணவாயைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். நாடு என்பது இங்கே ஊர்களின் தொகுப்பைக் குறிக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் கோயிலும் தலைமைக்காரரும் உண்டு. மண், பெண், மாடு, களவு என எந்த வழக்கு எழுந்தாலும் மந்தையிலோ சாவடியிலோ கூடிப் பேசி முடிப்பது வழக்கமாக இருந்தது. மந்தை என்பது ஊர்ப் பொதுவெளி. சாவடி என்பது அதன் ஓரத்தில் ஆண்கள் கூடிப் பேசும், இரவில் படுத்துறங்கும் திண்ணைக் கட்டடம்.

அந்தக் கூட்டத்தின் தீர்ப்பை நிறைவேற்றச் சேவகர்களோ சிறைக்கூடமோ தேவைப்படவில்லை. தண்டம் கட்ட மறுத்தவரையும் ஊர்ச்சொல்லை மீறியவரையும் ‘தள்ளிவைத்தல்’ என்ற ஒரே ஆயுதம் வழிக்குக் கொண்டுவந்தது. தள்ளிவைக்கப்பட்ட வீட்டுக்கு அடுப்புக்கு நெருப்பு கிடைக்காது, பொதுக்கிணற்றில் தண்ணீர் கிடைக்காது, துணி வெளுப்பவரும் முடி திருத்துபவரும் வரமாட்டார்கள், சாவு விழுந்தால் பாடை தூக்க ஆள் இருக்காது, பேச்சுக்கொடுத்தவருக்கும் தண்டம் விழும். அண்டை வீட்டாரின் உதவியின்றி விதைக்கவோ அறுக்கவோ முடியாத ஒரு வாழ்க்கையில் இது ஏறத்தாழ உயிர்த்தண்டனைக்குச் சமமானதால், பெரும்பாலோர் மீறிப் பார்க்கவே துணியவில்லை. அதே கட்டுதான் பஞ்ச காலத்தில் பசித்தவருக்குக் கஞ்சி ஊற்றியது, ஆதரவற்ற விதவையின் நிலத்தை உழுது கொடுத்தது, வெளியூர்க்காரர் கைவைக்காதபடி ஊரைக் காத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், மக்கள் அதை வெறும் அச்சத்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது விளங்கும்.

இந்தக் கூட்டொழுங்கின் பொருளியல் அடித்தளமாக விளங்கியது காவல் தொழில். ஊரின் விளைச்சலையும் கால்நடைகளையும் இரவில் காப்பதற்கு ஈடாகக் கள்ளர்கள் பெற்ற பங்கு காவல்கூலி எனப்பட்டது. களவு போன மாட்டைக் கண்டுபிடித்து மீட்டுத் தருவதற்காகக் கொடுக்கப்பட்ட தொகை துப்புக்கூலி எனப்பட்டது. திருமலை நாயக்கர் காலத்திலேயே இத்தகைய காவல் உரிமை தங்களுக்கு வழங்கப்பட்டது என்பது பிறமலைக் கள்ளர்களிடையே பேணப்பட்டுவரும் மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவல் நிலையங்களையும் சம்பளக் காவலர்களையும் நிறுவிய ஆங்கிலேய ஆட்சிக்கு இது போட்டி அதிகாரமாகத் தோன்றியது. காவல்கூலியை மிரட்டிப் பறிக்கும் பணமாகவும், துப்புக்கூலியைத் திருடியவரே வாங்கும் பிணைப்பணமாகவும் அது எழுதிவைத்தது. அந்தக் குற்றச்சாட்டு முழுவதும் கற்பனையும் அன்று. கூலி கொடுக்க மறுத்த ஊர்களில் மாடுகள் காணாமல் போவதும் வைக்கோற்போர் எரிவதும் நடந்தன. 1896இல் திண்டுக்கல் வட்டாரத்தில் எழுந்த கள்ளர் எதிர்ப்பு இயக்கத்தில், பிற சாதிகளைச் சேர்ந்த உழவர்கள் ஊர்தோறும் ‘பண்டு’ என்ற பொதுநிதியைத் திரட்டி, கள்ளர் அல்லாதவர்களைக் காவலுக்கு அமர்த்தி, கள்ளர்களை ஊரைவிட்டே வெளியேற்ற முற்பட்டார்கள். ஒரு கூட்டத்தின் கட்டை எதிர்க்க மற்றொரு கூட்டம் தனக்கொரு கட்டை ஏற்படுத்திக்கொண்டதாகவே இந்நிகழ்ச்சியைக் கொள்ளலாம். யார் களவாடினார், யார் உழுது பிழைத்தார் என்ற வேறுபாட்டுக்கு அங்கும் இடமிருக்கவில்லை.

அந்த வேறுபாட்டை அழித்தொழித்துச் சட்டமாகவே ஆக்கும் வேலை வடஇந்தியாவில் முன்பே நடந்து முடிந்திருந்தது. தச்சர் மகன் தச்சராவதைப்போலத் திருடர் மகன் திருடராவார், இந்தியாவில் தொழில் என்பது சாதிவழி வருவது என்ற வாதத்தின் மீது 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் எழுப்பப்பட்டது. அப்போது வைசிராயின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1859இல், ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டு, அரசின் கொடுமையைக் காட்டிலும் ஊரார் கருத்தின் கொடுமை தனிமனிதரை ஆழமாக நசுக்கக்கூடியது என்று எச்சரித்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். அந்நூலை மறுத்து 1873இல் தனி நூலே எழுதியவர் ஸ்டீஃபன். தனிமனிதர் தம் கூட்டத்திலிருந்து மாறுபட்டு நடக்கும் உரிமை பற்றி இங்கிலாந்தில் நூல்வழி விவாதம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த உரிமையைப் பிறப்பை வைத்தே மறுக்கும் சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

1911இல் இச்சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு பழங்குடியோ, கும்பலோ, மக்கள் பிரிவோ தொடர்ந்து குற்றம் புரிவதாக மாகாண அரசு கருதினால் அரசிதழில் அறிவிப்பு வெளியிடலாம். அந்த அறிவிப்பைக் கேள்விக்குள்ளாக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. அறிவிக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, விரல் ரேகைகள் எடுக்கப்படும். 1914இல் நாகமலை அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது தொடங்கிய நடவடிக்கை, 1918இல் பிறமலைக் கள்ளர் அனைவர் மீதும் விரிந்தது. அன்றைய மதுரை மாவட்டத்தின் பெரியகுளம் வட்டத்துக்குள் அடங்கியிருந்த கம்பம் பள்ளத்தாக்கின் கள்ளர்களும் இவ்வாறு ஒரே ஆணையால் பதிவேட்டுக்குள் வந்துசேர்ந்தார்கள்.

விரல் ரேகையை எடுக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. மையைக் கட்டையால் தேய்த்துப் பரப்பிய தகட்டின் மேல் விரலை வைத்து, நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டி, பின்னர் தாளின் மேல் அதேபோல் உருட்டுவார்கள். பத்து விரலுக்கும் பத்துக் கட்டங்கள். விரலைத் தளர்த்திக் காவலர் கையில் விட்டுவிட்டால்தான் ரேகை தெளிவாக விழும், இறுக்கிப் பிடித்தால் கலங்கிவிடும் என்பதால், பதிபவரின் உடல் இணங்கி நின்றாக வேண்டியிருந்தது. உலகில் ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இராது என்பதே ரேகை அறிவியலின் அடிப்படை. ஒவ்வொரு மனிதரும் தனித்தன்மை உடையவர் என்பதற்கு உடலிலேயே பொறிக்கப்பட்ட அந்தச் சான்று, எல்லோரும் ஒரே தன்மையினர் என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிய பதிவேட்டை நிரப்பப் பயன்பட்டது.

பதிவான ஆண்கள் குறித்த வேளைகளில் காவல் நிலையத்திலோ ஊர்த் தலையாரியிடமோ தம் இருப்பைக் காட்ட வேண்டும். கடுமையான பிரிவில் வைக்கப்பட்டவர்கள் இரவில் சாவடியிலோ காவல் நிலையத்திலோ படுத்திருக்க வேண்டும். வெளியூர் செல்ல நேர்ந்தால் ‘ராதாரிச் சீட்டு’ பெற வேண்டும்; வழிச்செலவுக்கான அனுமதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. போகும் ஊர், போகும் வழி, திரும்பும் நாள் ஆகியவை எழுதப்பட்ட அந்தச் சீட்டை, சென்ற ஊரின் அதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். இரவு முறைத் தண்ணீருக்கு வாய்க்கால் காத்து நிற்க வேண்டிய உழவரும், மாடு கன்று ஈனும் வீட்டுக்காரரும், மணமாகிச் சில நாள்களே ஆன இளைஞரும் இந்த விதியில் ஒருவரே. பழைய கூட்டொழுங்கில் ஆண்கள் விரும்பிக் கூடிய சாவடி, இப்போது அவர்களை எண்ணிப் பூட்டும் இடமாயிற்று. அறியப்பட்ட குற்றவாளி என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு காவல்துறை ஏடுகளில் வழங்கிய ‘கே.டி.’ என்ற குறி, ‘கேடி’ என்ற வசைச் சொல்லாகத் தமிழ் முழுவதும் பரவிவிட்டது.

தனியொருவர் இதிலிருந்து தப்ப வழியே இல்லாதிருந்தது என்பதுதான் இச்சட்டத்தின் மிக ஆழமான விளைவு. ஊர்க்கட்டின் கீழ் வாழ்ந்த ஒருவர் ஊரை மீறி நடந்தால் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்றாலும், மீறினார் என்ற பெயராவது அவருக்கு உண்டு. ரேகைச் சட்டத்தின் கீழோ, வாழ்நாளில் ஒரு நெற்கதிரைக்கூடத் திருடாதவரும் திருடிச் சிறை சென்றவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்; நல்லவராக நடப்பதற்குப் பரிசும் இல்லை, அதற்குச் சாட்சியமாகும் மதிப்பும் இல்லை. பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க வேண்டுமானால் பெயரை ஏற்றிய அதே மாவட்ட நிர்வாகத்திடம்தான் முறையிட வேண்டும்.

இந்நிலையில்தான் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பதிவுக்காக வந்த காவல் படையினர், திரண்டு நின்று மறுத்த மக்கள் மீது துப்பாக்கியால் சுட்டார்கள். பதினாறு பேர் உயிரிழந்தார்கள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காள் என்ற பெண்ணும் கொல்லப்பட்டதை ஊரார் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். கைதானவர்கள் திருமங்கலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். இந்த எதிர்ப்பை ஊர்க்கட்டின்றி எண்ணிப்பார்க்க முடியாது. ஒருவர் மட்டும் விரலை நீட்டாதிருந்தால் அவருக்குச் சிறை. ஊரே நீட்டாதபோதுதான் அரசு படையுடன் வரவேண்டியதாயிற்று. தனிமனிதரை நசுக்கக்கூடிய அதே ஒட்டுமொத்த இணக்கம், தன்னினும் பெரிய வல்லாட்சியின் முன்னால் மறுக்கும் துணிவாகவும் மாறும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

துப்பாக்கிச் சூட்டை அடுத்து வந்த ஆண்டுகளில் அரசு தன் முறையைச் சற்று மாற்றிக்கொண்டது. கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அவற்றின் வழி வந்தவை. அதனுடன் ஊர்தோறும் கள்ளர் பஞ்சாயத்துகளும் அமைக்கப்பட்டன. தம் ஊரில் குற்றம் நடவாமல் பார்த்துக்கொள்வதாகவும், நடந்தால் குற்றவாளியை ஒப்படைப்பதாகவும் பஞ்சாயத்தார் உறுதி எழுதிக் கொடுத்தார்கள். ஊரார் சட்டத்தின் கெடுபிடிகளிலிருந்து தளர்வு பெறுவது அவர்கள் சொல்லைப் பொறுத்ததாயிற்று. எந்த ஊர்க்கட்டைக் குற்றத்தின் வேராக அரசு முன்பு எழுதிவைத்ததோ, அதே ஊர்க்கட்டைத்தான் திருத்தத்தின் கருவியாக இப்போது கையில் எடுத்தது. ஊர்ப் பெரியவருக்குப் பிடிக்காத இளைஞர், கடன் தகராறில் எதிர்த்து நின்றவர், மரபை மீறிக் காதலித்தவர் ஆகியோரைப் பணியவைக்கப் பெரியவர் கையில் தள்ளிவைத்தல் மட்டுமே முன்பு இருந்தது. காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பும் அதிகாரமும் இப்போது அதனுடன் சேர்ந்துகொண்டது.

கள்ளர்களைத் திருத்தும் வழியாக அதிகாரிகள் பெரிதும் நம்பிய மற்றொன்று வாய்க்கால் தண்ணீர். 1895 அக்டோபரில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து வைகையில் கலக்கத் தொடங்கியபின், மேலூர்ப் பகுதிக் கள்ளர்கள் நெல் விவசாயிகளாக மாறியதை அரசின் ஏடுகள் பாராட்டி எழுதின. பள்ளத்தாக்கின் இருபோக வயல்களும் இவ்வாறே மனிதரைப் பண்படுத்தும் என்று எதிர்பார்க்கப்பட்டது. உழுது, களையெடுத்து, வரப்பு கட்டி நிலத்தைத் திருத்துவதும் மனத்தைத் திருத்துவதும் ஒன்றே என்ற எண்ணம், கம்பம் பள்ளத்தாக்குக் கள்ளர்களின் சொந்தப் பேச்சிலேயே எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆனால் சட்டத்தின் கெடுபிடியைப் பெரிதும் சுமந்த உசிலம்பட்டி மேட்டுநிலத்துக்கு அந்தத் தண்ணீர் எட்டவில்லை. 1959இல் 71 அடி நீர்மட்டத்துக்கு வைகை அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னரும் நிலைமை உடனே மாறவில்லை. உசிலம்பட்டிப் பகுதிக்கான 58 கிராமக் கால்வாயில், பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2018இல்தான் சோதனை ஓட்டமாக நீர் விடப்பட்டது. அதிலும் அணையின் நீர்மட்டம் 67 அடியைத் தொட்டால்தான் தண்ணீர் ஏறும்.

வெளியிலிருந்து வந்த பழிச்சொல் சமூகத்தின் உள்வாழ்விலும் புதிய இணக்கங்களை உண்டாக்கியது. பிறமலைக் கள்ளர்களிடையே 1949-50இல் கள ஆய்வு செய்து 1957இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், ஆண்களுக்குச் சுன்னத்துச் செய்தல் போன்ற தனி வழக்கங்களைப் பதிவுசெய்துள்ளார். கணவனும் மனைவியும் சாதியார் முன்னிலையில் துரும்பு கொடுத்து உறவை முறித்துக்கொள்வதும், பெண் ‘அறுத்துக்கட்டுதல்’, அதாவது பழைய தாலியை நீக்கி மறுமணம் செய்துகொள்வதும் முன்பு இழிவாகக் கருதப்படவில்லை. மேல்சாதி ஒழுக்கத்தை மதிப்பின் அளவுகோலாகக் கொண்ட காலத்தில் இவை ஒவ்வொன்றாக மறைந்தன. தோள் வரை தொங்கும்படி காது வடித்துத் தண்டட்டி அணிந்த பெண்களின் மகள்களும் பேத்திகளும் அதைப் பட்டிக்காட்டு அடையாளமாக எண்ணி, வடித்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். காது வடிக்காதவள் மூளிக்காதுக்காரி என்று ஏளனம் செய்யப்பட்ட காலம் போய், வடித்தவள் வெட்கப்படும் காலம் வந்தபோது, ஏளனத்தின் திசைதான் மாறியதே தவிர ஊரார் கண்ணுக்கு அஞ்சும் நிலை மாறவில்லை. மணவிலக்கு எளிதாக இருந்த வழக்கம் மறைந்ததால் பெண்கள் இழந்தது, காது வழக்கம் மறைந்ததால் பெற்றதைவிடப் பெரிது.

சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பின் பெயர் முதன்மையானது. கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் தொழில் செய்த அவர், கள்ளர்களுக்காக எழுதியும் வழக்காடியும் உழைத்தார். மக்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்துத் தம் பிள்ளைகளுக்கும் அப்பெயரை இட்டார்கள். 1938இல் மறைந்த அவர் சட்டம் நீங்கியதைக் காணவில்லை. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் தொடர்ந்து நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் சட்டம் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பிரிவினர் ‘சீர்மரபினர்’ என்ற புதிய பெயரைப் பெற்றார்கள். எனினும் மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவர்களைக் கண்காணிக்கும் சட்டம் 1948இலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. குற்றத்தைப் பிறப்போடு இணைக்காமல் தனிமனிதரின் செயலோடு அது இணைத்தது ஏட்டளவில் பெரிய மாற்றம்தான் என்றாலும், காவல் நிலையத்தின் பழைய நினைவு எளிதில் அழியவில்லை.

ஒரு கூட்டத்தார் பட்ட துன்பம் அவர்களைப் பிறர் துன்பத்துக்கு இரங்குபவர்களாக ஆக்கிவிடும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. 1996இல் உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, பெரும்பான்மைச் சாதியினர் அதை ஏற்க மறுத்தார்கள். பத்தாண்டுகள் வரை அங்கே வேட்புமனுவே தாக்கலாகாமல் போவதும், பெயருக்கு ஒருவரை நிறுத்தி, வென்றவுடன் பதவி விலகச் செய்வதும் தொடர்ந்தன. மனு தாக்கல் செய்ய விரும்பிய தலித் ஒருவருக்கு வேலை தரும் நிலமும் மாடு மேயும் கரடும் ஊர்க்காரர்களின் கையில் இருந்தன. ஊராரோடு முரண்பட விரும்பாத கள்ளர் ஒருவருக்கோ வாய்திறக்காதிருப்பதே பாதுகாப்பு. ‘ஊர் முடிவு’ என்ற இரண்டு சொற்கள் அரசமைப்புச் சட்டத்தையே பத்தாண்டு நிறுத்திவைத்தன. 2006 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் ஊர்ப் பெரியவர்களுடன் பலமுறை பேசி இணங்கவைத்த பின்னர், அங்கே தேர்தல் நடந்தது. தலித் தலைவர்கள் பதவியேற்றார்கள்.

அந்தத் தேர்தலில் வாக்களிக்க வந்தவர்களின் விரலிலும் மை வைக்கப்பட்டது. 1918க்குப் பின் அவர்களுள் கள்ளர்களாயிருந்தவர்களின் பாட்டன்மார் பத்து விரல்களையும் மையில் உருட்டியது அவர்கள் இன்ன சாதியில் பிறந்தார்கள் என்பதற்காக. 2006இல் ஒற்றை விரலில் விழுந்த மை, திரைக்குப் பின்னால் ஒருவர் தனியாக நின்று தம் விருப்பத்தைச் சொன்னார் என்பதற்காக. ஆனால் அந்தத் திரை வரை அவரை வரவிட்டதும் ஊர்ப் பெரியவர்களின் இசைவுதான் என்பதைப் பார்க்கும்போது, வைகையின் இருகரையிலும் கட்டு அறுந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அது சற்றுத் தளர்ந்திருக்கிறது, தளர்த்தியவர்கள் அதைக் கையில் பிடித்திருந்தவர்களே என்று மட்டுமே வரலாற்றாசிரியர் எழுத முடியும்.